நாட் என்னும் நோஞ்சான்

1631-இல் லண்டனில் அச்சான ஒரு பைபிளில் ஒரே ஒரு சொல் விடுபட்டுப்போனது. விடுபட்ட இடம்தான் வில்லங்கம். பத்துக் கட்டளைகளில் பிறன்மனை நாடுவதைத் தடுக்கும் கட்டளை அது. ‘ஷால்ட் நாட்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ‘ஷால்ட்’ நின்றது. கூடா ஒழுக்கத்தில் இறங்கும்படி கடவுளே உத்தரவு போட்டதாக ஆகிவிட்டது. அச்சிட்டவர்கள் ராபர்ட் பார்க்கரும் மார்ட்டின் லூகாஸும். அதிலும் பார்க்கர் லேசுப்பட்ட ஆள் இல்லை. அரசருடைய அச்சகர், 1611-இல் கிங் ஜேம்ஸ் பைபிளை அச்சிட்டவர். விஷயம் முதலாம் சார்லஸ் மன்னரின் காதுக்குப் போயிற்று. 300 பவுண்டு அபராதம் விதித்தார்கள், அச்சிடும் உரிமையைப் பறித்தார்கள், பிரதிகளைத் தேடிப் பிடித்து அழித்தார்கள். தப்பிப் பிழைத்த சில பிரதிகளுக்குப் ‘பொல்லாத பைபிள்’ என்று பெயர். இன்று அவற்றுக்கு ஏகப்பட்ட விலை.

இந்தக் கதையைக் கேட்டவர்கள் அச்சுக்கோத்தவரைத்தான் திட்டுவார்கள். எனக்கென்னவோ பாதிக் குற்றம் அந்தச் சொல்லின் மேல் என்று தோன்றும். ஆங்கிலம் பேசும் உலகத்தில் ஒப்பந்தம், தீர்ப்பு, மருந்துச் சீட்டு, காதல் கடிதம் எல்லாவற்றையும் தலைகீழாகப் புரட்டிப்போடும் வல்லமை அதற்கு இருக்கிறது. ஆனால் ஆளைப் பார்த்தால் மூன்றெழுத்து நோஞ்சான். அந்த நோஞ்சானைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஒரு டீயில் முடியாது, இரண்டாகவே சொல்லிவிடுங்கள். (வேற்றுமை உருபு சேர்த்தால் ‘நாட்டைக் காப்பாற்றுவோம்’ என்று மேடைப் பேச்சு போல ஆகிவிடுகிறது. அதனால் சொல்லை மேற்கோள் குறிக்குள்ளேயே அடைத்து வைத்திருக்கிறேன்.)

முதலில், அது ஏன் இவ்வளவு சுலபமாக விழுகிறது? வாக்கியத்தின் நடுவில், குரல் ஏறாத இடத்தில், இரண்டு வினைச்சொற்களுக்கு இடையே ஒடுங்கி நிற்கிறது. அதை உருவி எடுத்துவிட்டாலும் வாக்கியம் அசையாமல் நிற்கும். தமிழில் அப்படி இல்லை. ‘வரவில்லை’ என்பதில் ‘இல்லை’ விழுந்தால் ‘வர’ என்று அந்தரத்தில் தொங்கும். ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று படிக்கிறவருக்கே தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் விட்டுப்போனதற்குத் தடயமே இருக்காது.

பத்திரிகைக்காரர்களுக்கு இந்தப் பயம் நிறைய உண்டு. அமெரிக்காவின் அசோசியேட்டட் பிரஸ் தன் நடைக் கையேட்டில் நெடுங்காலம் ஒரு யோசனை சொல்லிவந்தது. நீதிமன்றம் ஒருவரை ‘நாட் கில்ட்டி’ என்று விடுவித்தால், செய்தியில் ‘இன்னசென்ட்’ என்று எழுதுங்கள் என்பது அது. சட்டப்படி இரண்டும் ஒன்றல்ல. நீதிமன்றம் யாரையும் நிரபராதி என்று அறிவிப்பதில்லை, குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று மட்டுமே சொல்கிறது. இது தெரிந்தும் அந்த யோசனையைச் சொன்னார்கள். செய்தி கைமாறும்போது ‘நாட்’ எங்காவது உதிர்ந்தால், விடுதலையானவர் மறுநாள் காலைப் பேப்பரில் குற்றவாளி ஆகிவிடுவார். அதைவிட இந்தச் சின்னப் பிழை மேல் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

நம் காலத்து ஆபத்து வேறு. ‘நாட்’ என்று தட்டச்சு செய்யப் போய் ‘நவ்’ விழும். கடைசி எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். ‘விண்ணப்பங்கள் ஏற்கப்படுவதில்லை’ என்று சொல்ல நினைத்த மெயில் ‘இப்போது ஏற்கப்படுகின்றன’ என்று போய்ச் சேரும். இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் ஸ்பெல்செக் சிவப்புக் கோடு போடாது. முக்கியமான மெயிலை அனுப்புவதற்கு முன்னால் ‘நாட்’ வரும் இடங்களை மட்டும் ஒருமுறை விரல் வைத்துப் பார்ப்பது வீண் வேலை ஆகாது.

இந்த நோஞ்சான்தனம் இன்று நேற்று வந்ததில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் மறுப்புக்கு ‘நெ’ என்று ஒரு துணுக்கு இருந்தது. வினைக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு நிற்கும். ‘நான் சொல்லவில்லை’ என்பதற்கு ‘இச் நெ செஜ்ஜெ’. பேச்சு வேகத்தில் அந்த ‘நெ’ காதில் விழுந்தும் விழாமலும் போனது. அடித்துச் சொல்ல நினைத்தவர்கள் வினைக்குப் பின்னால் இன்னொரு சொல்லை முட்டாகக் கொடுத்தார்கள். ‘நாவிஹ்ட்’ என்பது அந்தச் சொல். ‘விஹ்ட்’ என்றால் ஏதோ ஒரு பொருள், ஒரு ஜீவன். ‘நாவிஹ்ட்’ என்றால் ஒன்றுமே இல்லை. நாளாக ஆக அந்த அழுத்தமும் பழகிப் புளித்து, ‘நாவிஹ்ட்’ தேய்ந்து ‘நாட்’ ஆயிற்று. கொஞ்ச காலம் முன்னால் ‘நெ’யும் பின்னால் ‘நாட்’டும் சேர்ந்தே வந்தன. பிறகு கிழட்டு ‘நெ’ உதிர்ந்துவிட்டது. ‘ஐ சே நாட்’ என்று பேசினார்கள். அதற்கும் பிறகு ‘டூ’ வந்து சேர்ந்தது, ‘ஐ டூ நாட் சே’ ஆயிற்று. அதுவும் வாயில் சுருங்கி ‘ஐ டோன்ட் சே’. முட்டுக் கொடுக்க வந்த சொல் இப்போது வெறும் ‘ன்ட்’ ஆகிக் கிடக்கிறது.

டென்மார்க்கைச் சேர்ந்த மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பெர்சன் 1917-இல் மறுப்பைப் பற்றி எழுதிய நூலில் இந்தக் கதையை விளக்கினார். மறுப்புச் சொல் மெலியும், துணைக்கு ஒன்று வரும், துணைக்கு வந்ததே மறுப்புச் சொல்லாகும், அதுவும் மெலியும். பின்னால் வந்தவர்கள் இதற்கு யெஸ்பெர்சன் சுழற்சி என்றே பெயர் வைத்தார்கள். பிரெஞ்சு மொழியில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். அங்கே ‘நெ’க்குத் துணையாக வந்த சொல் ‘பா’. அதன் அசல் பொருள், காலடி. ‘ஓர் அடிகூட நடக்கவில்லை’ என்று நடையைப் பற்றிச் சொல்லத் தொடங்கியது, எல்லா வினைக்கும் பரவிவிட்டது. இன்று பிரெஞ்சுக்காரர்கள் பேச்சில் ‘நெ’யை விழுங்கிவிட்டுப் ‘பா’வை மட்டும் வைத்துக்கொண்டே மறுக்கிறார்கள். காலடி என்ற சொல் ‘இல்லை’ ஆகிவிட்டது.

நமக்கு இந்த மனநிலை நன்றாகவே புரியும். வெறும் ‘இல்லை’ போதாது என்று தோன்றும்போது நாமும் துளிகூட இல்லை, எள்ளளவும் இல்லை, மருந்துக்குக்கூட இல்லை, பேச்சுக்குக்கூடக் கூப்பிடவில்லை என்கிறோம். நம் ‘இல்லை’ வாக்கியத்தின் கடைசியில் திடமாக உட்கார்ந்திருப்பதால் இந்த மருந்தும் எள்ளும் அதன் நாற்காலியைப் பிடிக்கவில்லை.

போகிற போக்கில் ஒன்று. குழந்தைகளை ‘நாட்டி பாய்’ என்கிறோமே, அந்த ‘நாட்டி’யும் ‘நாவிஹ்ட்’ வழி வந்ததுதான். ஒன்றுமில்லாதவன் என்று தொடங்கி, கெட்டவன் ஆகி, கடைசியில் வெறும் குறும்புக்காரனாக இறங்கிவிட்டது.

‘டூ’ எதற்கு வந்தது என்று பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தருவதில்லை. ஷேக்ஸ்பியர் காலத்தில் ‘டூ’ போட்டும் பேசலாம், போடாமலும் பேசலாம். அதற்குப் பிறகுதான் அது கட்டாயமானது. நம் பிள்ளைகள் ‘ஹீ டிட் நாட் வென்ட்’ என்று எழுதி மார்க் போவது இந்த ‘டூ’வால்தான். தமிழையே சாட்சிக்குக் கூப்பிட்டால் இது ஒரு நிமிஷத்தில் புரியும். ‘போனான்’ என்பதன் மறுப்பு ‘போனான் இல்லை’ என்றா இருக்கிறது? ‘போக’ என்று காலமே காட்டாத சொல்லாக வினை இறங்கிவிடுகிறது, மற்றதை ‘இல்லை’ பார்த்துக்கொள்கிறது. ஆங்கிலத்திலும் அதே ஏற்பாடு. காலத்தை ‘டிட்’ சுமக்கிறது, ‘கோ’ காலத்தைக் கழற்றி வைத்துவிட்டு மொட்டையாக வந்து நிற்கிறது.

பேச்சில் ‘ன்ட்’ ஆகச் சுருங்கியதன் அவஸ்தை ‘கேன்’ என்ற சொல்லில் நன்றாகத் தெரியும். அமெரிக்கர் வாயில் ‘கேன்ட்’ என்பதன் கடைசி ஒலி பெரும்பாலும் வெளியே வருவதே இல்லை. பிறகு எப்படி ஒருவர் சொல்வது இன்னொருவருக்குப் புரிகிறது? உயிரொலியை வைத்து. முடியும் என்றால் அவர்கள் அந்தச் சொல்லை அமுக்கி ‘கன்’ என்று கடந்துவிடுவார்கள், அடுத்த வினையில்தான் அழுத்தம் விழும். முடியாது என்றால் ‘கே’ முழுசாக ஒலிக்கும். நாமோ ‘ஐ கேன் கம்’ என்று ஒவ்வொரு சொல்லையும் சம மரியாதையோடு உச்சரிப்பவர்கள். முழுசாக ஒலித்த ‘கே’யைக் கேட்டதும் எதிர்முனையில் இருப்பவர், இந்த ஆள் வர முடியாது என்கிறார் என்று குறித்துக்கொள்வார். போனில் பேசும்போது மறுக்க வேண்டியிருந்தால் ‘கேனாட்’ என்று முழுச் சொல்லாகச் சொல்வது உத்தமம்.

விமானிகள் இந்த வம்பே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். வானொலியில் ‘நோ’ என்பதற்கு ‘நெகட்டிவ்’. ஒரு கட்டளையை நிறைவேற்ற முடியாவிட்டால் ‘அனேபிள்’. ‘ஆம்’ என்பதற்கு ‘அஃபர்ம்’. ‘அஃபர்மேட்டிவ்’ என்று நீட்டினால், இரைச்சலில் முன்பாதி போய் ‘ட்டிவ்’ மட்டும் காதில் விழுந்து ‘நெகட்டிவ்’ என்று தோன்றிவிடலாம். அதனால் வாலை வெட்டி வைத்திருக்கிறார்கள்.

சரி, சொல் விழாமல் இருக்கிறது, காதிலும் விழுந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இனிமேல்தான் அசல் சிக்கல். ‘நாட்’ எதை மறுக்கிறது? அகராதியில் அதற்குப் பொருள் தேடிப் பயனில்லை. அதன் கை வாக்கியத்தில் எதுவரை நீள்கிறது என்று பார்க்க வேண்டும்.

‘மஸ்ட்’ என்றால் ‘வேண்டும்’ என்று படித்திருக்கிறோம். ‘யூ மஸ்ட் கோ’, நீ போக வேண்டும். அப்படியானால் ‘யூ மஸ்ட் நாட் கோ’ என்றால் ‘போக வேண்டியதில்லை’ என்றுதானே இருக்க வேண்டும்? இல்லை, ‘போகவே கூடாது’. ஏனென்றால் இங்கே ‘நாட்’ பின்னால் இருக்கிற ‘கோ’வைப் பிடித்துக்கொள்கிறது, ‘மஸ்ட்’டைத் தொடுவதில்லை. போகாமல் இருப்பது கட்டாயம் என்று ஆகிறது. ‘யூ நீட் நாட் கோ’ என்பதில் அதே ‘நாட்’ முன்னால் திரும்பி ‘நீட்’டைப் பிடிக்கிறது. அவசியம் இல்லை, போனால் போ, போகாவிட்டால் இரு. ‘யூ டோன்ட் ஹாவ் டு கோ’வும் அதே ஜாதி. ‘கேனாட்’டிலும் முன்னால் திரும்பி ‘முடியும்’ என்பதை மறுக்கிறது. ‘மே நாட்’ இருக்கிறதே, அதுதான் இரண்டுங்கெட்டான். அதிகாரி சொன்னால் அனுமதி இல்லை என்று பொருள். மழை வருமா என்ற பேச்சில் சொன்னால் வராமலும் போகலாம் என்று பொருள். மேலதிகாரியின் மெயிலில் ‘யூ மஸ்ட் நாட் அட்டெண்ட்’ என்று இருந்து, ‘கட்டாயமில்லையாம், சும்மா போய் உட்காருவோம்’ என்று நீங்கள் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நாம் இதில் குழம்பக் காரணம், நம்மிடம் இதற்கெல்லாம் தனித்தனி ஆள் இருப்பது. கூடாது, வேண்டாம், தேவையில்லை, முடியாது, மாட்டேன் என்று ஆளுக்கொரு வேலை. ‘மாட்டேன்’ என்பதில் உள்ள முரண்டுக்கும் ‘முடியாது’ என்பதில் உள்ள கையாலாகாத்தனத்துக்கும் ஊரறிந்த வித்தியாசம் உண்டு. அங்கே அத்தனை வேலையும் இந்த ஒரு நோஞ்சான் தலையில்.

‘ஆல்’ என்ற சொல்லோடு சேர்ந்தால் இன்னும் வேடிக்கை. ‘ஆல் த ஸ்டூடண்ட்ஸ் டிட் நாட் பாஸ்’ என்று எழுதினால், ஒருவர்கூடத் தேறவில்லையா, அல்லது எல்லாரும் தேறாமல் சிலர் மட்டும் தேறினார்களா? வாக்கியத்துக்கே தெரியாது. ‘நாட் ஆல்’ என்று முன்னால் கொண்டுவந்து நிறுத்தினால்தான் சிலர் தேறினார்கள் என்பது உறுதியாகும். ஆங்கிலத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, நம் ‘மின்னுவதெல்லாம் பொன்னல்ல’ என்ற பழமொழியும் இதே ஊஞ்சலில்தான் ஆடுகிறது. சொல்லுக்குச் சொல் பார்த்தால், மின்னும் எதுவுமே பொன் கிடையாது என்று ஆகிறது. அப்படியானால் தங்கமும் தங்கமில்லை! பழமொழியின் கருத்து நமக்கு முன்பே தெரிந்திருப்பதால் தப்பித்துக்கொள்கிறோம்.

‘பிகாஸ்’ வந்தாலும் கவனம் வேண்டும். ‘ஐ டிட் நாட் மேரி ஹெர் பிகாஸ் ஷீ வாஸ் ரிச்’. பணக்காரி என்பதால் கல்யாணம் வேண்டாம் என்றாரா? அல்லது கல்யாணம் நடந்தது, ஆனால் பணத்துக்காக இல்லை என்கிறாரா? முன்னதில் மனைவி இல்லை, பின்னதில் மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கலாம். எழுத்தில் ‘பிகாஸ்’க்கு முன்னால் காற்புள்ளி வைத்தால் முதல் பொருள் பக்கம் சாயும். நான் எழுதுவதாக இருந்தால் வாக்கியத்தை இரண்டாக உடைத்துவிடுவேன். காற்புள்ளியை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது.

சில இடங்களில் ‘நாட்’ தன் இடத்தை விட்டு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். ‘ஐ டோன்ட் திங்க் ஹீ வில் கம்’ என்பவர் எதையும் நினைக்காமல் இல்லை. வரமாட்டான் என்றுதான் நினைக்கிறார். இதை யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டாம். ‘அவன் வருவான்னு தோணலை’ என்று நாமும் அதே வேலையைத்தான் செய்கிறோம். ‘வரமாட்டான்’ என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லாமல், தோன்றாததன் மேல் பழியைப் போட்டுவிடலாம்.

‘நாட்’டின் சகோதரன் ‘நோ’. இரண்டும் ஒரே வேலை செய்வது போலத் தெரியும், ஆனால் குணம் வேறு. ‘ஹீ இஸ் நாட் எ டாக்டர்’ என்றால் தகவல். அவர் வக்கீலாக இருக்கலாம், வாத்தியாராக இருக்கலாம். ‘ஹீ இஸ் நோ டாக்டர்’ என்றால் தீர்ப்பு. பெயர்ப்பலகை மாட்டியிருந்தாலும் அந்த ஆளெல்லாம் ஒரு டாக்டரா என்கிற தொனி. ‘ஹீ இஸ் நோ ஃபூல்’ என்றால், ஏமாந்தவன் என்று நினைத்துவிடாதே, ஆள் விவரமானவன். அளவு சொல்லும்போதும் இதே கதை. ‘நாட் மோர் தன் டென்’ என்றால் பத்துக்கு மேல் போகாது என்ற கணக்கு. ‘நோ மோர் தன் டென்’ என்றால் ‘பத்தே பத்துதானா’ என்ற அங்கலாய்ப்பு.

பதில் சொல்லும் இடத்துக்கு வருவோம். தமிழர்கள் ஆங்கிலத்தில் அதிகமாக வழுக்கும் இடம் இதுதான். வெளிநாட்டு மேலாளர் போனில் கேட்கிறார், ‘டிட்ன்ட் யூ கெட் மை மெயில்?’ மெயில் வரவில்லை. நம் பிள்ளை ‘யெஸ்’ என்கிறான். அவன் மனசில் ஓடுவது ‘ஆமா சார், வரலை’. அவர் சொன்னதை ஒப்புக்கொள்கிறான். மேலாளர் காதில் விழுவது ‘வந்துவிட்டது’. பத்து நாள் கழித்து, மெயில் வந்தும் வேலை செய்யவில்லை என்று பஞ்சாயத்து. நாம் கேட்டவரின் பேச்சுக்குப் பதில் சொல்கிறோம், அவர்கள் நடந்த விஷயத்துக்குப் பதில் சொல்கிறார்கள். நடந்தது ‘இல்லை’ என்றால், கேள்வி எந்தக் கோலத்தில் வந்தாலும் அவர்களுக்கு ‘நோ’தான். ஜப்பானியரும் சீனரும்கூட இதில் நம் கட்சி. ஆங்கிலத்துக்குப் போகும்போது அவர்களுக்கும் இதே தகராறுதான்.

‘டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?’ என்று ரயிலில் ஒருவர் கேட்கிறார். ‘யெஸ், யெஸ், சிட்’ என்று இடம் விட்டு நகர்ந்து உட்காருகிறோம். வாய் ‘எனக்கு ஆட்சேபணை உண்டு’ என்கிறது, உடம்பு ‘உட்காருங்கள்’ என்கிறது. நல்லவேளையாக எல்லாரும் உடம்பையே நம்புகிறார்கள். ‘நாட் அட் ஆல்’ என்பதுதான் அங்கே சொல்ல வேண்டியது.

ஆங்கிலத்துக்கே ஒரு காலத்தில் இந்தக் குழப்பத்துக்கு மருந்து இருந்தது. நான்கு பதில்கள் வைத்திருந்தார்கள். சாதாரணக் கேள்விக்கு ‘யே’ அல்லது ‘நே’. எதிர்மறையாகக் கேட்டால் ‘யெஸ்’ அல்லது ‘நோ’. ‘வரலையா?’ என்ற கேள்விக்கு ‘யெஸ்’ என்றால், நீ சொல்வது தப்பு, வந்தேன் என்று சந்தேகமில்லாமல் ஆகும். பதினாறாம் நூற்றாண்டிலேயே இது கலகலத்துப்போனது. பைபிளை மொழிபெயர்த்த வில்லியம் டிண்டேல் ‘நே’ வர வேண்டிய இடத்தில் ‘நோ’ போட்டுவிட்டார் என்று சர் தாமஸ் மோர் 1532-இல் வெளியிட்ட கண்டன நூலில் வாத்தியார் போல வைதார். மதச் சண்டைக்கு நடுவே இலக்கணச் சண்டை. மோர் கட்சி தோற்றது, ‘யே’யும் ‘நே’யும் பேச்சிலிருந்து போய்விட்டன. பிரெஞ்சுக்காரர்கள் ‘சி’ என்றும் ஜெர்மானியர்கள் ‘டோக்’ என்றும் அந்த மூன்றாவது பதிலை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

நாம் ஆங்கிலத்துக்குக் கொடுத்த பதில் மொய்யும் ஒன்று உண்டு. ‘யூ ஆர் கமிங், இஸின்ட் இட்?’ நம் ‘வர்றீங்க, இல்லையா?’வுக்குக் கோட்டு மாட்டி அனுப்பியது. இலக்கணப்படி ‘ஆரின்ட் யூ’ என்று வாக்கியத்துக்கு வாக்கியம் மாற்ற வேண்டும். லண்டன் தெருவிலேயே ‘இன்னிட்’ என்று எல்லாவற்றுக்கும் ஒன்றையே ஒட்டுகிறார்கள் என்பதால், இதற்காக நாம் ரொம்பக் கூனிக் குறுக வேண்டியதில்லை. தேர்வுத்தாளில் மட்டும் எழுதாதீர்கள்.

இரட்டை மறுப்புக்கு வருவோம். ‘ஐ டோன்ட் ஹாவ் நோ மனி’ என்பது தப்பு, இரண்டு மறுப்பு சேர்ந்தால் உடன்பாடு ஆகிவிடும் என்று கணக்கு வாத்தியார் பாணியில் சொல்வார்கள். ஆங்கிலம் பிறந்தபோது இந்த விதி கிடையாது. மறுப்பை அடுக்க அடுக்க அழுத்தம் கூடும், அவ்வளவுதான். பழைய ஆங்கிலக் கவிஞர் சாசர் தன் பெருமைக்குரிய வீரனை அறிமுகப்படுத்தும் இரண்டே வரியில் நான்கு மறுப்புகளை அடுக்கியிருக்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டில் ராபர்ட் லோத் போன்ற பாதிரி இலக்கணக்காரர்கள் இதைத் தவறு என்று எழுதிவைத்தார்கள். படித்தவர்களின் எழுத்திலிருந்து அது போயிற்று. தெருப் பேச்சிலும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஆங்கிலத்திலும் ஒழுங்கான விதிகளோடு இன்றும் உயிரோடு இருக்கிறது. அப்படிப் பேசுகிறவரிடம் காசு இருக்கிறது என்று எந்தத் திருடனும் தப்பாகப் புரிந்துகொண்டதில்லை.

தமிழில் இரண்டு மறுப்பு கூடினால் உடன்பாடுதான். ஆனால் அது சுத்தமான உடன்பாடு இல்லை. ‘ஆசை இல்லாமல் இல்லை’ என்பவருக்கு ஆசை இருக்கிறது, ஒப்புக்கொள்ளத்தான் கூச்சம். ஆங்கிலத்தின் ‘நாட் அன்லைக்லி’, ‘நாட் அன்ஹேப்பி’ எல்லாம் இந்த வகை. ஜார்ஜ் ஆர்வெலுக்கு இது அறவே பிடிக்காது. 1946-இல் அரசியலும் ஆங்கிலமும் பற்றி எழுதிய கட்டுரையின் அடிக்குறிப்பில், இந்தப் பழக்கத்திலிருந்து விடுபட ஒரு கேலி வாக்கியத்தை மனப்பாடம் செய்யச் சொல்கிறார். அதில் நாய், முயல், வயல் எல்லாவற்றுக்கும் இரட்டை மறுப்பு மாட்டிவிட்டிருப்பார். மழுப்பலுக்காக எழுதும் ஆபீஸ் நடையைப் பற்றி அவர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘தெரியாமல் இல்லை’ என்பதை வெறும் ‘தெரியும்’ என்று திருத்தினால், அதில் இருந்த பெருமூச்சு போய்விடும்.

இதன் தங்கைதான் ‘நாட் பேட்’. பிரிட்டிஷ்காரர் உங்கள் சமையலை ‘நாட் பேட்’ என்றால் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளலாம். நம் ‘பரவாயில்லை’ அதற்கு ரொம்ப நெருக்கம். பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்த ‘பரவா’, அதாவது கவலை. அதற்கு ஓர் ‘இல்லை’ சேர்த்துக்கொண்டோம். மாமியார் சாம்பாரை ருசி பார்த்துப் ‘பரவாயில்லை’ என்றால் அது பாராட்டா புகாரா என்பது அவர் குரலில் இருக்கிறது.

தொனியின் வலிமைக்குத் தத்துவ உலகில் ஒரு கதை சொல்வார்கள். ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர் ஜே. எல். ஆஸ்டின் நியூயார்க்கில் பேசும்போது, இரண்டு மறுப்பு சேர்ந்து உடன்பாடு ஆகும் மொழிகள் உண்டு, இரண்டு உடன்பாடு சேர்ந்து மறுப்பு ஆகும் மொழி எதுவும் கிடையாது என்றாராம். கூட்டத்தில் இருந்த தத்துவப் பேராசிரியர் சிட்னி மார்கன்பெசர் அலட்சியமாக ‘யே, யே’ என்றாராம். ஆஸ்டினைத் திருநெல்வேலிக்குக் கூட்டிவந்திருந்தால், ‘ஆமாமா, கிழிச்சான்’ என்று டீக்கடையிலேயே விஷயத்தை முடித்திருப்பார்கள்.

கடைசியாக இடம் மாறிய ‘நாட்’ ஒன்று இருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அமெரிக்க இளைஞர்கள் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி, ஒரு நொடி நிறுத்தி, கடைசியில் ‘நாட்!’ என்று போடுவதை விளையாட்டாக்கினார்கள். ‘சட்டை பிரமாதமாக இருக்கிறது... நாட்!’ ‘வேய்ன்ஸ் வேர்ல்ட்’ என்ற நகைச்சுவைப் படம் அதை எங்கும் பரப்பியது. அமெரிக்க வட்டார மொழிச் சங்கம் 1992-இன் சிறந்த சொல்லாக அந்த ‘நாட்’டையே தேர்ந்தெடுத்தது.

அவர்களுக்கு அது வேடிக்கை, நமக்கு அதுவே அன்றாடம். கடைசிச் சொல் வரும்வரை தமிழ் வாக்கியம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. நாடாளுமன்றத்தில் தமிழ்ப் பேச்சை உடனுக்குடன் ஆங்கிலமாக்குபவர்களுக்கு இது பெரிய சோதனை. ‘இந்தத் திட்டத்தை எங்கள் கட்சி’ என்று உறுப்பினர் தொடங்கி, நாலு பெயர்களையும் ரெண்டு மாவட்டங்களையும் தொட்டுவிட்டு வினைக்கு வரும்வரை, ஆங்கிலத்தில் ஆரம்பத்திலேயே வர வேண்டிய ‘நாட்’ உண்டா இல்லையா என்று தெரியாது. வாயைத் திறந்துவிட்டால் திரும்ப விழுங்கவும் முடியாது. அவர்களுக்கு உள்ள ஒரே தயவு, மறுப்பு வருமுன்னே கட்டியம் கூறும் சில சொற்கள். ‘ஒருபோதும்’, ‘சிறிதும்’, ‘எள்ளளவும்’ என்று ஒன்று காதில் விழுந்தால் போதும், பின்னால் ஒரு ‘இல்லை’யோ ‘மாட்டோம்’மோ வந்தே தீரும் என்று தைரியமாக ‘டஸ் நாட்’ என்று தொடங்கிவிடலாம்.